மூன்று டெசிபெல் குறைவாக ஒரு ஸ்பீக்கர்

கிடார் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர் கொண்ட 40 வாட் டியூப் காம்போ அது: கண்ணாடி டியூப்களில் ஓடும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். கனம்தான், ஆனாலும் ஒரு ஆள் தூக்கிவிடலாம். கீழே வைத்துப் பின்பக்கம் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பாதி திறந்த அந்தப் பெட்டிக்குள், இட்லிப் பானை மூடி அளவுக்கு மேக்னெட் வைத்த ஒரு மைக்செட் ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. டியூப்களுக்கும் அந்த மேக்னெட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளிதான்.

ஆம்புக்குச் சொந்தக்காரர் வடசென்னையில் கடலிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் ஒரு தேவாலயத்தில் முப்பது வருஷமாகக் கிடார் வாசிப்பவர். ஞாயிறு ஆராதனை நிச்சயம், இடையிடையே மெல்லிசைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு. வயதில் மூத்தவர் என்பதால் நான் "அண்ணே" என்பேன். அவர் சபைப் பழக்கத்தில் என்னையும் "பிரதர்" என்பார்.

"சத்தம் வருது பிரதர். ஆனா இது என் ஆம்ப் இல்ல," என்றார்.

நடந்தது இதுதான். ஆறு மாதம் முன்பு பழைய ஸ்பீக்கரில் கரகரப்பு வந்திருக்கிறது. ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். "காயில் போச்சு" (உள்ளே கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) என்று சொல்லி வேறு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். "பழசு 80 வாட்டுதான், இது 250 வாட், இனிமே போகவே போகாதுன்னு சொன்னாங்க." அதன் பிறகு கிளீன் சத்தம் தட்டையாகிவிட்டது. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் ஸ்டவ் எரிகிற மாதிரி ஓர் இரைச்சல். இரண்டு முறை டியூப் மாற்றியும் பார்த்திருக்கிறார். பணம்தான் போனது.

முதலில் செய்தது காசில்லாத சோதனை. ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, என் மேஜையருகே இருக்கும் 8 ஓம் கேபினெட்டில் செருகினேன். டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓடவிடக்கூடாது. போக வழியில்லாத மின்சாரம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளேயே உயர் வோல்டேஜாக எகிறி, சுற்றின் காப்பை ஓட்டை போட்டுவிடும். எனவே அணைத்து, மாற்றிச் செருகி, பிறகு போட்டேன். அண்ணன் ஒரு சி மேஜர் போட்டார். முகம் மாறியது. "இதான் பிரதர், இதான்!" ஆம்பில் குறையில்லை என்று இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. டியூப் வாங்குவதற்கு முன் இந்த இரண்டு நிமிடத்தை யாராவது செலவழித்திருக்கலாம்.

பழைய ஸ்பீக்கர் செத்த விதம்

நல்ல வேளையாகப் பழையதை அண்ணன் தூக்கிப் போடாமல் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். மல்டிமீட்டர் வைத்ததும் 6.3 ஓம் காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. 6-இலிருந்து 7-க்குள் இருந்தால் நல்ல காயில் என்று அர்த்தம். 16 ஓம் என்றால் 12, 13 வரும். ஸ்பீக்கர் மேல் எழுதியிருப்பது ஒலி ஓடும்போது அது காட்டும் தடையைக் குறித்தது, மீட்டர் அளப்பது வெறும் கம்பியின் தடையை. ஆக, "காயில் போச்சு" என்பது தவறு. காயில் உயிரோடுதான் இருந்தது.

கோனை, அதாவது முன்னால் அதிரும் காகிதக் கூம்பை, இரண்டு கை விரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தினேன். உப்புத்தாளை உரசுகிற சத்தம். கிடாரின் ஆறாவது கம்பி ஒலிக்கும் 82 ஹெர்ட்ஸை மெதுவாகக் கொடுத்தபோது உரசல் இன்னும் தெளிவாகக் கேட்டது. எப்படியும் இது தேறாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நடுவிலிருக்கும் டஸ்ட் கேப்பை பிளேடால் அறுத்துப் பார்த்தேன். காயில் ஏறி இறங்கும் இடைவெளி முழுக்கப் பழுப்புத் துரு. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி அது. கடல் காற்றில் வந்த உப்பு இரும்பைத் தின்று பொறுக்காக்கி, அந்தப் பொறுக்கு காயிலில் உரசிக்கொண்டிருந்தது. எத்தனை வாட் ஸ்பீக்கர் போட்டாலும் அந்தத் தெருவில் இதுதான் நடக்கும். வாட்டுக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

கோன் மாற்றிப் பிழைக்க வைக்கலாமே என்று கேட்பீர்கள். மவுண்ட் ரோடு பக்கம் அந்த வேலையை அருமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது மைக்செட் கோன். கிடார் ஸ்பீக்கரின் குரல் முக்கால்வாசி அந்தக் காகிதக் கோனில்தான் இருக்கிறது. கோனையும் காயிலையும் வேறு ஜாதியில் போட்டால், பழைய ஃப்ரேமுக்குள் ஒரு மைக்செட் ஸ்பீக்கர் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த மாடலுக்கான அசல் கோன் கிட் கிடைக்கவில்லை.

250 வாட் ஏன் தோற்றது

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு சத்தம் தரும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி என்கிற இன்னொரு எண்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்று. 250 வாட்டைத் தாங்க வேண்டுமானால் காயில் பெரிதாக வேண்டும், கோன் கனக்க வேண்டும். கனமான கோனை அசைக்க அதிக சக்தி செலவாகும். 40 வாட் ஆம்ப் அதைத் தள்ளித் தள்ளியே களைத்துப்போகும்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. மைக்செட் ஸ்பீக்கரைச் செய்கிறவர் உள்ளே வருவதை அப்படியே வெளியே விடவேண்டும் என்று செய்கிறார். கிடார் ஸ்பீக்கரைச் செய்கிறவருக்கு அந்த எண்ணமே கிடையாது. 12 இன்ச் கிடார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 75 ஹெர்ட்ஸிலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைதான் பேசும். இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் மெல்லிய காகிதம் முழுசாக அசையாமல் துண்டு துண்டாக அதிர்ந்து ஒரு மேடு எழுப்பும். ஐயாயிரத்தைத் தாண்டினால் சரேலென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் மேல் அலைகளின் எரிச்சலை இந்தச் சரிவுதான் வடிகட்டுகிறது. அந்த வடிகட்டி அண்ணனின் பெட்டியில் இல்லாததால்தான் ஸ்டவ் சத்தம். அறிவியல் கண்ணில் பார்த்தால் கிடார் ஸ்பீக்கர் ஒரு மோசமான ஸ்பீக்கர். ஆம்பைச் செய்தவர் அந்த மோசத்தை நம்பித்தான் மற்ற எல்லாவற்றையும் அமைத்திருக்கிறார்.

என் முதல் தேர்வு, என் முதல் தவறு

அண்ணனின் மச்சான் துபாயிலிருந்து லீவில் வருவதாக இருந்தது. லக்கேஜில் ஒரு ஸ்பீக்கர் கொண்டுவரலாம், மாடலை மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் அதிகம் யோசிக்கவில்லை. செலஸ்டியன் வின்டேஜ் 30, 8 ஓம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பெயரில் 30 இருப்பதால் பலர் 30 வாட் என்று நினைக்கிறார்கள். 60 வாட் தாங்கும். சென்சிட்டிவிட்டி 100 டெசிபெல். இங்கிலாந்தில் 1980-களின் நடுவில் வந்தது. வாக்ஸ் ஏசி30 ஆம்பில் புகழ்பெற்ற நீல நிற ஆல்நிகோ (ஒருவகை மேக்னெட்) ஸ்பீக்கரின் குரலை, கூடுதல் வாட் தாங்கும் உடம்பில் கொண்டுவரும் முயற்சியில் பிறந்தது. ராக், மெட்டல் வாசிக்கிற பாதி உலகம் இதைத்தான் பயன்படுத்துகிறது. நானும் அந்தப் புகழைத்தான் வாங்கினேன், அண்ணனின் தேவையை அல்ல.

4.7 கிலோ எடை. மச்சான் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

மாட்டுவதில் சிக்கல் இல்லை. ஆம்பை அணைத்து, டியூப்கள் ஆறியபின், பெட்டியை முகம் கீழாகத் துணி மேல் படுக்கவைத்து வேலை செய்தேன். ஸ்பீக்கர் மாற்ற ஆம்பின் மின்பகுதியைத் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் வேண்டாம். அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட் நிற்கலாம். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒரே பக்கம் இறுக்கினால் ஃப்ரேம் கோணி, புது ஸ்பீக்கரே உரச ஆரம்பிக்கும். துருவம் சரிபார்க்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் கோன் முன்னால் வரவேண்டும். ஒற்றை ஸ்பீக்கரில் இது பெரிய விஷயமில்லைதான். இரண்டாவது பெட்டி என்று ஒன்று வரும்போது விஷயமாகிவிடும், அப்போது யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

என் அறையில் பிரமாதமாக ஒலித்தது. அண்ணன் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

மூன்று ஞாயிறு கழித்துப் போன் வந்தது. "பிரதர், பாஸ்டர் கூப்பிட்டுப் பேசினார். முதல் பெஞ்சுல உக்கார்ற அம்மாங்க எல்லாம் பின்னால போயிட்டாங்களாம்."

அடுத்த ஞாயிறு நானே போனேன். ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்ட கட்டிடம். மொசைக் தரை, வழவழப்பான சுவர், கைதட்டினால் ஒரு விநாடிக்கு மேல் தொங்கும் எதிரொலி. ஆம்ப் மேடையில் தரையோடு இருந்தது. அண்ணன் அதற்கு ஓரடி முன்னால் நின்று வாசித்தார். ஸ்பீக்கர் அவர் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. அவர் கால்களைத் தாண்டிய நேர்கோடு, பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் போய் முடிந்தது.

12 இன்ச் கோன் சுமார் 1300 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தை டார்ச் லைட் போல நேராகப் பாய்ச்சும். அலைநீளம் கோனின் அகலத்தைவிடச் சிறிதாகிவிடுவதுதான் காரணம். நேரெதிரே இருப்பவருக்கு ஊசி, மேலே நிற்பவருக்கு மந்தம். அண்ணன் காதுக்கு மந்தமாகக் கேட்டதால் டிரெபிளை ஏற்றியிருந்தார். ஏழில் நின்றது. வின்டேஜ் 30-க்கு ஏற்கெனவே மேல்-நடு அலைகளில் ஒரு பெரிய மேடு உண்டு. எல்லாம் சேர்ந்து முதல் பெஞ்சில் இறங்கியது.

வால்யூம் எவ்வளவு என்று பார்த்தேன். ஒன்றரை. அதற்குக் கீழே இறக்கினால் ஆம்ப் தூங்கிவிடும், கொஞ்சம் ஏற்றினால் கூடம் அதிரும். மூச்சுவிட இடமில்லாத ஒரு நூலிழையில் அண்ணன் மூன்று வாரமாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆம்பின் பின்கால்களுக்குக் கீழே இரண்டு... இல்லை, முன்கால்களுக்குக் கீழே இரண்டு பாட்டுப் புத்தகங்களை வைத்து முகத்தை அவர் காதைப் பார்த்துத் தூக்கிவிட்டேன். (முதலில் பின்னால் வைத்து, முகம் இன்னும் தரையைப் பார்க்க, சபையே சிரித்தது.) டிரெபிள் தானாக நாலுக்கு இறங்கியது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே நான் அந்தக் கூடத்தில் போய் நின்றிருக்க வேண்டும். மீதிப் பாதி சத்தத்தின் அளவு.

குறைவான சத்தத்தைத் தேடி

இங்கே ஒரு கணக்கு. மூன்று டெசிபெல் என்பது சக்தியில் இரட்டிப்பு. 97 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் மாட்டினால், 40 வாட் ஆம்பை 80 வாட் ஆம்பாக மாற்றியதற்குச் சமம். கச்சேரி மேடையில் சத்தம் போதவில்லை என்று புலம்புகிறவருக்கு இது மலிவான மருந்து. புது ஆம்ப் வாங்கவே வேண்டாம். ஆனால் அண்ணனுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. அவர் ஆம்ப் ஏற்கெனவே கூடத்துக்குப் பெரிது. அதன்மேல் இருப்பதில் சத்தமான ஸ்பீக்கர்களில் ஒன்றை ஏற்றி வைத்தவன் நான்.

"அப்போ சத்தம் கம்மியான ஸ்பீக்கரைக் காசு குடுத்து வாங்கணுமா?" என்று கேட்டார். ஆமாம்.

சும்மா சத்தம் குறைந்தால் போதாது, கிடார் ஸ்பீக்கராகவும் இருக்க வேண்டும், 40 வாட்டைத் தாங்கவும் வேண்டும். தாங்குவதில் ஒரு நுணுக்கம்: டியூப் ஆம்பில் எழுதியிருக்கும் வாட் சத்தம் சுத்தமாக இருக்கும் வரை கிடைப்பது. முழுக்கத் திருகி அலையின் தலையை வெட்டி ஓட்டினால் அதற்கு மேலும் கொடுக்கும், கணக்குப்படி இரண்டு மடங்கை நெருங்கும். அதனால் ஆம்பின் வாட்டைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குகிற ஸ்பீக்கரை நான் பார்ப்பேன். 40-க்கு 60.

இந்தச் சல்லடையில் போட்டதும் அழகான பெயர்கள் உதிர்ந்தன. கிரீன்பேக் எனப்படும் ஜி12எம் மென்மையானது, விலையும் கட்டுப்படி. ஆனால் 25 வாட்தான். மார்ஷல் ஆம்புகளின் நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் நான்கு கிரீன்பேக்குகள் சேர்ந்தால்தான் 100 வாட். ஒற்றையாக 40 வாட் முன்னால் நிறுத்தினால் ஒரு நல்ல கச்சேரி ராத்திரியில் புகைந்துவிடும். நீல ஆல்நிகோ இன்னும் மோசம், 15 வாட். ஏசி30-இல் அது இரண்டு இருக்கும், பதினைந்தும் பதினைந்தும் முப்பது, கையிருப்பு சுத்தமாகப் பூஜ்யம். அழகான குரல், விலையோ கிரீன்பேக்கைப் போல இரண்டு மடங்கு. சென்சிட்டிவிட்டியும் 100. ஜென்சன் சி12என் அமெரிக்கப் பழைய ஆம்புகளின் அசல் குரல், 50 வாட் தாங்கும். அண்ணனின் ஆம்புக்குப் பிறப்பால் சொந்தக்காரன் என்றே சொல்லலாம். ஆனால் அதன் மேல் அலைகளின் பளபளப்பு அந்த கான்கிரீட் கூடத்தில் என்ன செய்யும் என்று நினைத்ததும் கைவிட்டேன். ஓலைக் கொட்டகையாக இருந்திருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

இணையத்தில் ஒலித்துண்டுகள் கேட்டு முடிவுசெய்யலாமே என்று அண்ணனின் மகன் நாற்பது வீடியோக்களை அனுப்பினான். பொறுமையாகக் கேட்டேன். அவை பெரும்பாலும் பின்பக்கம் மூடிய பெரிய பெட்டியில், கோனுக்கு இரண்டு விரல் தள்ளி மைக் வைத்துப் பதிந்தவை. மைக்கைக் கோனின் நடுவிலிருந்து ஒரு இன்ச் ஓரமாக நகர்த்தினால் வருகிற வித்தியாசம் பல சமயம் இரண்டு ஸ்பீக்கருக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிது. பின்பக்கம் திறந்த சின்னப் பெட்டியில், எதிரொலிக்கும் கூடத்தில், பத்தாவது பெஞ்சில் எப்படிக் கேட்கும் என்பதற்கு அவை சாட்சியல்ல.

கடைசியில் நின்றது ஜி12எம்-65, கிரீம்பேக். பின்மூடி பச்சைக்குப் பதிலாகக் கிரீம் நிறம், அதனால் அந்தப் பெயர். எம் என்றால் நடுத்தர மேக்னெட். கிரீன்பேக்கின் குணத்தில் 65 வாட் தாங்கும். சென்சிட்டிவிட்டி 97. இதன் அண்ணன்மாதிரி ஜி12எச்-75 என்று ஒன்று உண்டு, எச் என்றால் கனத்த மேக்னெட். அது திரும்பவும் 100-க்குப் போய்விடும். பெயரில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான் வித்தியாசம், எழுதிக் கொடுக்கும்போது கவனம். இந்தமுறை மச்சானை நம்பாமல் இங்கேயே ஆர்டர் போட்டோம். மச்சானும் கேட்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒன்றை மட்டும் கறாராகச் செய்தேன். ஸ்பீக்கரைக் கழற்றி மாட்ட அரைமணி ஆகும், அதற்குள் காது பழைய சத்தத்தை மறந்துவிடும். "முன்னைக்கு இப்ப நல்லா இருக்கு" என்று வாடிக்கையாளர் சொல்வதில் பாதி, கொடுத்த காசின் குரல். எனவே ஆறாவது பெஞ்சில் ஒரே இடத்தில் போனை வைத்து, ஒரே கீர்த்தனையை, ஆம்பின் திருகுகளைத் தொடாமல் இரண்டு ஸ்பீக்கரிலும் பதிந்தேன். பிறகு எது எது என்று சொல்லாமல் அண்ணனுக்கும் பாஸ்டருக்கும் போட்டுக் காட்டினேன். பாஸ்டர் உடனே இரண்டாவது என்றார். அண்ணன் முதலாவது என்றார்! அதாவது வின்டேஜ் 30. "அதுல ஒரு துடிப்பு இருக்கு பிரதர்."

இதை மறைக்காமல் எழுதுகிறேன். கிரீம்பேக் மேலான ஸ்பீக்கர் என்று நான் சொல்ல வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது பொருந்தியது, வாசிப்பவரின் விரலுக்கு மற்றது பிடித்திருந்தது. இரண்டு பேரும் சொன்னது சரிதான்.

ஞாயிறன்று கிரீம்பேக்தான் மேடையேறியது. வால்யூம் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்கு வந்தது. அந்த ஒரு புள்ளி நகர்வில்தான் ஆம்ப் உயிர்பெற்றது. கைவிரலின் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் தடித்தது, மெலிந்தது. மெல்ல வாசிக்கும்போது மறையவில்லை. முதல் பெஞ்சில் ஆட்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். அதற்குக் காரணம் ஸ்பீக்கரா பாட்டுப் புத்தகங்களா என்று கேட்டால், ஆளுக்குப் பாதி என்பேன்.

மிச்சமான ஒன்று

வின்டேஜ் 30-ஐத் திருப்பிக் கொடுக்க முடியாது. விற்க அண்ணனுக்கு மனமில்லை. சபையின் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய மூடிய பெட்டி கிடந்தது, இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர் போடும் கேபினெட். ஒன்று கிழிந்திருந்தது, மற்றது நன்றாக இருந்தது. கிழிந்ததை எடுத்துவிட்டு அதில் இதை மாட்டலாமே என்றான் மகன். நியாயமான யோசனை. பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன்.

அதிலிருந்த நல்ல ஸ்பீக்கர் 16 ஓம். இரண்டு 16-ஐப் பக்கம் பக்கமாக இணைத்து, பெட்டி 8 ஓம் ஆகியிருந்தது. நம்முடையது 8 ஓம். 8-உம் 16-உம் சேர்ந்தால் 5.33 ஓம், எந்த ஆம்பின் சாக்கெட்டிலும் எழுதியிருக்காத எண். அதைக்கூட ஒரு பேச்சுக்குப் பொறுக்கலாம். பங்கீடுதான் பொறுக்க முடியாதது. 8 ஓம் ஸ்பீக்கர் 16 ஓம் ஸ்பீக்கரைப் போல இரண்டு மடங்கு சக்தியை இழுத்துக்கொள்ளும். 40 வாட்டில் ஏறத்தாழ 27 ஒன்றுக்கு, 13 மற்றதுக்கு. ஏற்கெனவே சத்தமானது இன்னும் சத்தமாகி, பக்கத்தில் இருப்பது வெறும் துணைக்கு நிற்கும். வேறு வேறு மாடல் ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் கலப்பது தவறே இல்லை. ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும், நானே பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஓம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், சென்சிட்டிவிட்டி மூன்று டெசிபெலுக்கு மேல் விலகக்கூடாது. பெட்டி மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட, குறைவாகத் தாங்குகிற ஸ்பீக்கரின் வாட்டை இரண்டால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டுகிறவர்கள் சின்னதைச் சாகடிப்பார்கள்.

எனவே தனிப் பெட்டி. தெரிந்த ஆசாரியிடம் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில், உள்ளளவு 48, 42, 24 சென்டிமீட்டர் வைத்து அடிக்கச் சொன்னேன். 48 லிட்டர் சொச்சம். பின்பக்கம் முழுக்க மூடி, காற்றுக் கசியாமல் ஸ்ட்ரிப் ஒட்டி. மூடிய பெட்டியில் கோனுக்குப் பின்னால் உள்ள காற்று ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். கீழ் அலைகள் இறுகி, நேராக முன்னால் வரும். திறந்த பெட்டியில் பின்பக்கச் சத்தமும் சுவரில் பட்டு வந்து கலக்கும். அது வீட்டுக்குள் இதமாக இருக்கும், வெட்டவெளியில் கரைந்துபோகும். ஆசாரிக்கு 283 மில்லிமீட்டர் ஓட்டை என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். அவர் ஸ்பீக்கரையே கொண்டுவரச் சொல்லி, கவிழ்த்து வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். அதுதான் சரி.

காம்போவின் பின்னால் வெளி ஸ்பீக்கருக்கு ஒரு சாக்கெட் உண்டு, மொத்தம் 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்ற குறிப்போடு. உள்ளே கிரீம்பேக் 8, வெளியே வின்டேஜ் 30 ஒரு 8, சேர்ந்து சரியாக 4. ஆம்பின் ஓம் திருகையும் நாலுக்கு மாற்றச் சொல்லி, பெட்டி மேலேயே மார்க்கரில் எழுதி வைத்தேன். துருவத்தையும் பேட்டரி வைத்துத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். ஆசாரி வீட்டில் வைத்தே டெர்மினல் ஒயர் மாறியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போய், கீழ் அலைகளை ஒன்றையொன்று தின்றிருக்கும். இரண்டு பெட்டி வைத்தும் சத்தம் ஒல்லியாக இருக்கிறதே என்று அண்ணன் மறுபடி டியூப் வாங்கப் போயிருப்பார்.

ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை. கிடார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் முனையில் ஒரே மாதிரிதான் இருக்கும். கிடார் கேபிளின் உள்கம்பி முடி மாதிரி மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போட்டால் சூடாகி ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடும். மேலே சொன்ன ஓட்டைக் கதைதான். தடித்த இரட்டைக் கம்பியில் நானே ஒன்று செய்து, மஞ்சள் டேப் சுற்றிக் கொடுத்தேன்.

இந்த ஜோடி முதன்முதலில் வெளியே போனது ஒரு தெருமுனைக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு. வெட்டவெளியில் 100 டெசிபெல் எரிச்சலாக இல்லை, பின்னால் சுவரே இல்லையே. அண்ணன் கேட்ட "துடிப்பு" அங்கேதான் அவருக்குக் கிடைத்தது.

துருவுக்கு மட்டும் என்னிடம் முழுத் தீர்வு இல்லை. ஞாயிறு மதியம் வாசித்து முடித்ததும் ஆம்பைத் துணியால் மூடி, பின்பக்கம் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்தித் திரும்பக் கட்ட வேண்டும். போன வாரம் பார்த்தபோது பொட்டலங்கள் இருந்தன, முன்கால்களுக்குக் கீழே பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக வைக்க நான் செய்து கொடுத்த மரக்கட்டையில் பாஸ்டரின் மைக் ஸ்டாண்டு நின்றுகொண்டிருந்தது.